கதவு முதலில் கதவுதான்: சிறுகதையில் சொல்லாமல் விட்டதை வாசிக்க ஒரு வழிகாட்டி

"கதை புரிந்தது. ஆனால் இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை." சிறுகதை வாசிக்கத் தொடங்கும் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. எந்தக் கதையைக் கொடுத்தாலும் மழை வந்தால் துயரம், பறவை வந்தால் விடுதலை, விளக்கு அணைந்தால் மரணம் என்று அகராதியைப் புரட்டுவதுபோலப் பொருள் சொல்லிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். முதலாமவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். இரண்டாமவர் வீட்டைப் பார்க்காமலேயே கொல்லை வழியாக வெளியேறிவிடுகிறார். இருவருக்கும் தேவைப்படுவது ஒரே பொறுமைதான். கதைக்குள் இருக்கும் ஒரு பொருள் வேறு எதையாவது குறிக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், அதை அந்தப் பொருளாகவே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதைப் பழகும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு நான்கு கதைகள்: கி. ராஜநாராயணனின் 'கதவு', கு.ப. ராஜகோபாலனின் 'விடியுமா?', புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்', கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. நான்கின் முடிவையும் இங்கே பேசப்போகிறேன். இதுவரை படிக்காதவர்கள் முதலில் அவற்றைப் படித்துவிட்டு வந்தால் நல்லது. நான்கையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

முதலில் இரண்டு சொற்கள்

குறியீடு என்பது கதைக்குள் தன் வேலையைச் செய்துகொண்டே, தன்னைவிடப் பெரிய ஒன்றையும் சுமக்கும் பொருள். 'தன் வேலையைச் செய்துகொண்டே' என்பதை அழுத்திச் சொல்கிறேன். கதவு குளிரைத் தடுக்க வேண்டும், நாய் உள்ளே வராமல் பார்க்க வேண்டும். அதற்கு மேல்தான் மற்றதெல்லாம்.

உய்த்துணர்தல் என்பது சொன்னதை வைத்துச் சொல்லாததை அறிவது. இது இறக்குமதியான கலை இல்லை. நன்னூல் 32 உத்திகளை அடுக்கும்போது கடைசியாகச் சொல்வது 'உய்த்துணர வைப்பு'. வெளிப்படையாகச் சொல்லாமல், படிப்பவரே உணரும்படி வைத்துவிடுவது. எழுதுகிறவருடைய உத்தி வைப்பது என்றால், வாசகருடைய வேலை உய்த்துணர்வது.

இரண்டும் சேர்ந்து இயங்கும் ஓர் இடத்தைக் காட்டுகிறேன். குறுந்தொகையின் 25-வது பாட்டு, கபிலர் எழுதியது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சின்னப் பச்சைக் கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு மட்டும் அங்கே இருந்தது. இவ்வளவுதான் பாட்டு.

இங்கே குருகு முதலில் குருகுதான். அதன் காலின் நிறமும் பருமனும்கூடச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒரு நிமிடம் நின்று யோசித்தால், இருந்த ஒரே சாட்சியும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்பது உறைக்கிறது. இவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பேசாது. அசையாமல் நின்று தன் இரைக்காகக் காத்திருக்கும் அந்தப் பறவையில் அவனுடைய சாயலும் தெரிகிறதா? 'கள்வன்' என்ற சொல்லைப் பக்கத்திலேயே கபிலர் வைத்திருப்பதால் தெரிகிறது என்றே நினைக்கிறேன். 'நான் ஏமாந்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது' என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. குருகின் காலைப் பற்றித்தான் சொல்கிறாள். ஆனால் அந்தக் காலை அவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருக்கிறாளே, அதிலிருந்து அந்த நாளை அவள் எத்தனை முறை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பாள் என்று தெரிகிறது.

தொல்காப்பியம் உள்ளுறை, இறைச்சி என்று பெயர் வைத்தது இப்படி உள்ளே மறைந்து நிற்கும் பொருளுக்குத்தான். அந்த வாசிப்பையே நவீன சிறுகதைக்கும் கொண்டு வரலாம். சொல்லப்போனால் முதற்பொருள் (நிலமும் பொழுதும்), கருப்பொருள் (அங்கே இருக்கும் பொருட்களும் உயிர்களும்), உரிப்பொருள் (பாட்டு சொல்ல வரும் உணர்வு) என்ற பகுப்பு சிறுகதை வாசிக்க எனக்குக் கிடைத்த மிக நல்ல கருவி. கீழே உள்ள படிகளில் பாதி அதிலிருந்து வந்தவை.

படி 1: முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம்

அடிக்கோடு, குறிப்பு எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் படியுங்கள். முடித்ததும் கதையை மூடிவிட்டு, மனதில் நிற்கும் ஒரு காட்சியையோ பொருளையோ ஒரு தாளில் எழுதுங்கள். ஒன்றே ஒன்று. ஏன் அது நின்றது என்று இப்போது யோசிக்க வேண்டாம். பெரும்பாலும் கதையின் கனம் அந்த இடத்தில்தான் இருக்கும். அறிவு கண்டுபிடிக்கும் முன்பே மனம் அதைப் பிடித்துவிடுகிறது.

படி 2: நடந்ததை நாலு வரியில் எழுதுங்கள்

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. யார், எங்கே, என்ன நடந்தது, எப்படி முடிந்தது. விளக்கம் கூடாது. 'வறுமையின் கொடுமை' என்று எழுதினால் அது விளக்கம். 'தீர்வை (நிலவரி) பாக்கிக்காக வீட்டுக் கதவை எடுத்துப்போனார்கள்' என்பது நடந்தது. நடந்ததைச் சரியாகச் சொல்ல முடியவில்லை என்றால் இன்னொரு முறை படியுங்கள். தப்பான குறியீட்டு விளக்கங்களில் பாதி, கதையில் நடந்ததையே தவறாக நினைவு வைத்திருப்பதால் வருகிறவை.

படி 3: நிலமும் பொழுதும்

முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். இந்தக் கதை எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடக்கிறது? அந்த இடத்தையும் நேரத்தையும் மாற்றினால் கதை நிற்குமா?

'விடியுமா?' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஆஸ்பத்திரியில் இருக்கும் சிவராமையருக்கு ஆபத்து என்று தந்தி வருகிறது. அவர் மனைவி குஞ்சம்மாளும் அவளுடைய தம்பியும் கும்பகோணத்திலிருந்து இரவு ரயிலில் கிளம்புகிறார்கள். கதையில் பெரும்பகுதி அந்த ரயில் இரவுதான். இருப்பாரா, மாட்டாரா? நம்பிக்கை ஒரு ஸ்டேஷனில் ஏறுகிறது, அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறது. காலையில் சென்னை வந்து சேரும்போது அவர் இரவே இறந்துவிட்டது தெரிகிறது. அத்தனை நேரம் நெஞ்சை அடைத்த தவிப்பு அதோடு தீர்ந்துபோகிறது. பொழுதும் விடிகிறது.

விடியல் என்றால் நம்பிக்கை என்று நம் எல்லாருக்கும் பழக்கம். மேடைப் பேச்சிலிருந்து கட்சிச் சுவரொட்டி வரைக்கும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தோடு 'விடியுமா?' என்ற தலைப்பைப் படிக்கும்போது, 'நல்லது நடக்குமா?' என்றுதான் காதில் விழுகிறது. கு.ப.ரா. விடிய வைக்கிறார். ஆனால் அந்த வெளிச்சத்தில் தெரிவது மரணம். இருட்டு என்பது இந்தக் கதையில் சாவு இல்லை, தெரியாமை. விடியல் என்பது நன்மை இல்லை, நிச்சயம். நிச்சயம் எத்தனை கொடியதாக இருந்தாலும் தெரியாமையைவிட அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது என்பதை வெளியில் சொல்லக்கூட நாம் கூசுவோம். கதை அதை ஒரு வார்த்தை விவாதம் இல்லாமல் பொழுதை மட்டும் வைத்துச் சொல்லிவிடுகிறது.

இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் வழக்கத்தில் ஒரு பொருளுக்கு இருக்கும் அர்த்தத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெள்ளைச் சேலை நம் ஊர்க் கதையில் கைம்மையைச் சொல்லும். ஐரோப்பியக் கதையில் வெள்ளை கல்யாண உடை. பூனை குறுக்கே போவது, மல்லிகை வாடுவது, வாசலில் கோலம் இல்லாதது எல்லாம் வாசகரோடு பேசும். ஆனால் கதை அந்த வழக்கத்தை ஏற்றுக்கொள்கிறதா, திருப்பிப் போடுகிறதா என்று கதைக்குள்தான் பார்க்க வேண்டும்.

படி 4: பொருட்களின் பின்னால் நடந்து பாருங்கள்

நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இந்தப் படிக்குத்தான். கருப்பொருள்: கதைக்குள் இருக்கும் பொருட்கள், விலங்குகள், உணவு, தொழில், ஓசை. இரண்டாம் வாசிப்பில் பென்சிலை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வரும் பொருளை வட்டமிடுங்கள். அப்புறம் அந்தப் பொருளைப் பற்றி நான்கு கேள்விகள். அதை யார் தொடுகிறார்கள்? ஒவ்வொரு முறை வரும்போதும் அது எந்த நிலையில் இருக்கிறது? அது இல்லாமல் போனால் என்ன ஆகிறது? கடைசியாக எங்கே, எப்படித் தெரிகிறது?

'கதவு' கதையில் இதைச் செய்து பார்ப்போம்.

கதை ஒரு விளையாட்டோடு ஆரம்பிக்கிறது. சீனிவாசன் கண்டக்டர். பிள்ளைகள் டிக்கெட் வாங்கிக்கொண்டு கதவில் தொத்திக்கொள்கிறார்கள், சிலர் தள்ளுகிறார்கள், கதவு திருநெல்வேலிக்குப் போகிறது. பழைய காரை வீடு, பெரிய ஒற்றைக் கதவு. முன்பு வசதியாக வாழ்ந்து இப்போது நொடித்துப்போன குடும்பம். அப்பா மணிமுத்தாறுக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறார், அம்மா காட்டு வேலைக்குப் போகிறாள். லட்சுமியும் சீனிவாசனும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு கதவோடு விளையாடுகிறார்கள். தெருவில் கிடைத்த தீப்பெட்டிப் படம் ஒன்றைக் கதவில் ஒட்டுகிறார்கள். ஒரு நாள் தலையாரி (கிராம அதிகாரியின் உதவியாள்) ஆட்களோடு வந்து, தீர்வை பாக்கிக்காகக் கதவைக் கழற்றித் தூக்கிப்போகிறார். அதற்குப் பிறகு வாடைக்காற்று வீட்டுக்குள் நேராக வீசுகிறது. கைக்குழந்தை இறந்துபோகிறது. பின்னால் ஒரு நாள் சீனிவாசன் அந்தக் கதவைப் பார்த்துவிடுகிறான். கரையான் ஏறிக் கிடக்கிறது. குழந்தைகள் அதை இறுகப் பிடித்துக்கொள்வதோடு கதை முடிகிறது.

யார் தொடுகிறார்கள்? குழந்தைகள், தலையாரியின் ஆட்கள், கரையான், மறுபடி குழந்தைகள். இந்த வரிசையே ஒரு கதை.

எந்த நிலையில் இருக்கிறது? ஆரம்பத்தில் அசைகிறது. அசைவதற்கென்றே இருப்பதுபோல் அசைகிறது. கடைசியில் ஓரமாகக் கிடக்கிறது. அசையாத கதவு பலகைதான். அதை எடுத்துப்போனவர்களுக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. பாக்கி வசூலாகவில்லை, கதவு மக்கிக்கொண்டிருக்கிறது. 'அரசு இயந்திரம் குருட்டுத்தனமானது' என்று கி.ரா. எங்கும் எழுதவில்லை. கரையானை எழுதியிருக்கிறார்.

இன்னொரு சின்ன விஷயம். முதல் வாசிப்பில் எனக்குத் தட்டுப்படாதது. டிக்கெட் விளையாட்டின்போது லட்சுமி ஒரு துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். வண்டியைத் துடைக்கும் விளையாட்டு. கடைசியிலும் அவள் துடைக்கிறாள், தன் பாவாடையால், கரையான் மண்ணை. அதே கை, அதே அசைவு. நடுவில் ஒரு தம்பி செத்துப்போயிருக்கிறான். ஒரு செயல் கதையில் இரண்டு முறை வந்தால், இரண்டாவது முறை அதன் மேல் என்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். குறியீடு பிறக்கும் இடம் அதுதான். பொருள் அப்படியே இருக்கும்; அதைச் சுற்றி நடந்தவை அதன் மேல் படிந்திருக்கும்.

தீப்பெட்டிப் படத்தையும் விட்டுவிடாதீர்கள். சாதாரணமாகப் பார்த்தால் குழந்தைகளின் குறும்பு. ஆனால் நாம் எதில் படம் ஒட்டுவோம்? நமக்குச் சொந்தமானதில்தான். கிராமக் கணக்கில் அந்தக் கதவு பாக்கிக்கு ஈடான ஒரு சொத்து. கதையில் அது படம் ஒட்டியவர்களுடையது. இந்த இரண்டு சொந்தங்களும் மோதும் நாளில், தலையாரியின் ஆட்கள் கதவைச் சுமந்து போகும்போது, பிள்ளைகள் அழவில்லை. நாதஸ்வரம் வாசிப்பதுபோல் வாயால் ஓசை எழுப்பிக்கொண்டு பின்னால் ஊர்வலம் போகிறார்கள். அவர்களுக்கு அதுவும் விளையாட்டு. எழுதியவர் கண்ணீர் விட்டிருந்தால் நாம் விட்டிருக்க மாட்டோம். பிள்ளைகள் கொண்டாடுவதால் நம் தொண்டை அடைக்கிறது.

வெளியிலிருந்து வரும் தகவலும் இங்கே உதவும். மணிமுத்தாறு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, 1950-களில் திருநெல்வேலிச் சீமையில் அந்த அணை கட்டப்பட்ட காலத்தை நினைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் ஆயிரமாயிரம் ஏக்கருக்குப் பாசனம் தரப்போகும் அணையில் மண் சுமக்கும் அப்பா. இன்னொரு பக்கம் சில ரூபாய் தீர்வை பாக்கிக்குக் கழற்றப்படும் அவர் வீட்டுக் கதவு. இப்படிப் பார்ப்பது நான் செய்யும் ஊகம். ஆனால் ஊருக்குப் பெயர் வைத்துச் சொன்னவர் கி.ரா., சும்மா 'வெளியூர்' என்று எழுதிவிட்டுப் போகவில்லை. பெயர் சொல்லப்பட்ட இடம் வந்தால் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் பாருங்கள். வீண் போகாது.

படி 5: எங்கே வெட்டியிருக்கிறார்?

சிறுகதையில் எழுதப்படாத காட்சி ஒன்று பெரும்பாலும் இருக்கும். இரண்டு பத்திகளுக்கு நடுவில் நேரம் தாவும் இடத்தில் நிறுத்தி, அந்த இடைவெளியில் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள்.

'பொன்னகரம்' இதற்குச் சரியான பாடம். அம்மாளுவின் புருஷன் ஜட்கா (குதிரை வண்டி) ஓட்டுபவன், அடிபட்டுக் கிடக்கிறான். பால் கஞ்சி கேட்கிறான். வீட்டில் காசு இல்லை. அவள் தண்ணீர் எடுக்கப் போகிறாள். சந்தில் ஒருவன் நிற்கிறான், அவள்மேல் கண் வைத்திருந்தவன். இருவரும் இருட்டில் மறைகிறார்கள். அடுத்த வரியில் அவள் முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள்.

இருட்டுக்கும் முக்கால் ரூபாய்க்கும் நடுவில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கூட்டலை நாம் போட்டாக வேண்டும். நாமே போடுவதால்தான் அது நம்மை விடுவதில்லை. 'சம்பாதித்தாள்' என்ற சொல்லையும் பாருங்கள். சோரம், பாவம் என்று எதுவும் இல்லை; கூலி வேலைக்குச் சொல்லும் அதே சொல். தொகையும் துல்லியம், முக்கால் ரூபாய். பால் கஞ்சிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. இத்தனைக்கும் பிறகுதான் ஆசிரியர் நேராக நம்மைப் பார்த்துக் கேட்கிறார்: "என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான், ஐயா, பொன்னகரம்!" தலைப்பு அந்த வரியில்தான் முழுசாக விளங்குகிறது.

கடைசி வரி அத்தனை வெளிப்படையாகத் தேவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித் தோன்றியது. இப்போது அந்த 'ஐயா' முக்கியம் என்று நினைக்கிறேன். யாரை ஐயா என்கிறார்? வசதியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் நம்மைத்தான். முக்கால் ரூபாய்க் கணக்கைப் போட்டுப் பார்த்த கையோடு நாமும் கதைக்குள் இழுக்கப்படுகிறோம்.

படி 6: கதையைச் சொல்பவரை எவ்வளவு நம்பலாம்?

'நான்' என்று ஒருவர் சொல்லும் கதையில், அந்த 'நான்' கவனிக்காததைக் கவனியுங்கள்.

'அன்பளிப்பு' கதையில் கதைசொல்லி குழந்தைகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் வீட்டில் குழந்தைகள் புத்தகங்களைக் குதறி எடுக்கிறார்கள், அவருக்கு அதில் ஆனந்தம். அவர் கொடுத்த டைரிகள் இரண்டு குழந்தைகளுக்குப் போகின்றன. சாரங்கராஜன் அந்த நெருக்கத்துக்கு வெளியே ஓரமாக நிற்கும் பையன். அவரைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கெஞ்சுகிறான். அவரும் போகிறார். அங்கே அவன் தானே வைத்திருந்த ஒரு டைரியை எடுத்து நீட்டி, எழுதச் சொல்கிறான். என்ன எழுத என்று கேட்டால் அவனே வாசகம் சொல்கிறான்: பிரியமுள்ள சாரங்கராஜனுக்கு அன்பளிப்பு என்று.

கதைசொல்லி பொய் சொல்லவில்லை. அவர் நல்லவர்தான். ஆனால் தன் அன்பு எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். டைரி அந்த நம்பிக்கையை உடைக்கிறது. இப்போது கதையின் தொடக்கத்துக்குப் போய், சாரங்கராஜன் வரும் இடங்களை மட்டும் மறுபடி படியுங்கள். அவன் என்ன செய்தான், அவர் எதைப் பார்க்காமல் விட்டார் என்று தெரியும். அன்பைத் தானே வாங்கி, தனக்கே கொடுத்துக்கொள்ள வேண்டிய நிலை ஒரு குழந்தைக்கு. அவனுக்கு வேண்டியது டைரி இல்லை, பெயரோடு சேர்ந்த 'பிரியமுள்ள' என்ற அந்த ஒரு சொல்.

படி 7: ஊகத்தை எழுதி, உரசிப் பாருங்கள்

மனதிலேயே வைத்திருக்கும் ஊகம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். எழுதினால்தான் ஓட்டை தெரியும். நான் பயன்படுத்தும் வாக்கியம் இது:

கதையில் இன்னது இருக்கிறது. ஆகவே இன்னது என்று நினைக்கிறேன். அது சரியென்றால் கதையில் இன்னதும் இருக்க வேண்டும்.

மூன்றாவது பகுதிதான் உரைகல். 'கதவு' அந்தக் குடும்பத்தின் மானத்தைக் குறிக்கிறது என்று பலர் சொல்வார்கள். எழுதிப் பார்ப்போம். வசதியாக வாழ்ந்த வீட்டின் பெரிய ஒற்றைக் கதவு. ஆகவே அது மானம். அது சரியென்றால் கதவு போகும்போது யாராவது அவமானப்பட வேண்டும். குழந்தைகள் அவமானப்படவில்லை, பீப்பீ ஊதிக்கொண்டு போகிறார்கள். அப்படியென்றால் ஊகம் தப்பா? பெரியவர்களுக்கு, ஊர்க் கண்ணுக்கு அது மானம். பிள்ளைகளுக்கு அது வண்டி, தோழன். கைக்குழந்தைக்கு அது உயிர். ஒரே கதவு ஆளுக்கு ஆள் வேறாக நிற்கிறது. முதல் ஊகம் பொய்யாகவில்லை, விரிந்துவிட்டது. உரசிப் பார்த்ததால்தான் இது கிடைத்தது.

வழக்கமாகச் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு முறை வந்து போகும் பொருளின் மேல் மாளிகை கட்டுவது ஒன்று. எழுதியவரின் வாழ்க்கை வரலாற்றைத் தேடி எடுத்து, 'இவர் பட்ட கஷ்டம்தான் இது' என்று கதையை மூடிவிடுவது இன்னொன்று. மூன்றாவது, என் கணக்கில் மிகப் பெரியது: குறியீட்டைக் கண்டுபிடித்ததும் பொருளை மறந்துவிடுவது. கதவு எதைக் குறித்தாலும், அது இல்லாததால் ஒரு குழந்தை குளிரில் செத்தது. அதை மறக்க வைக்கும் விளக்கம் எவ்வளவு நயமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இரண்டு பேருக்கு இரண்டு விளக்கம் தோன்றினால்? இரண்டுக்கும் கதையில் வரிகள் இருந்தால் இரண்டும் நிற்கட்டும். எந்த விளக்கத்துக்கு அதிக வரிகள் துணைக்கு வருகின்றன என்று பாருங்கள். 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்பது தொடக்கத்துக்குப் போதும், முடிவுக்குப் போதாது.

படி 8: இப்போது நீங்கள்

பயிற்சிக்காக ஒரு பத்தி எழுதித் தருகிறேன்.

"அத்தை ஊரிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. பெட்டியை இன்னும் திறக்கவில்லை. கூடத்து மூலையில், கட்டிய கயிறோடு அப்படியே இருக்கிறது. காலையில் அம்மா கொடுத்த காபியைத் திண்ணையில் உட்கார்ந்து குடித்தாள். தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். மத்தியானம் அம்மாவுக்குத் தலைவலி என்றதும் அடுக்களைக்குள் போனவள், கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து என்னிடம், 'உப்பு எதில இருக்கு கண்ணு?' என்று கேட்டாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கொல்லையில் தாத்தா நட்ட முருங்கை காய்த்துத் தொங்கியது. அத்தை பறிக்கட்டுமா என்று கேட்டாள். யாரும் பதில் சொல்வதற்குள் 'வேண்டாம், இருக்கட்டும்' என்று அவளே சொல்லிவிட்டாள்."

நாலு வரியில் நடந்ததை எழுதுங்கள். பிறகு பொருட்களின் பின்னால் போங்கள்: பெட்டி, தம்ளர், உப்பு, முருங்கை. தொட முடிந்தது எது, தொட முடியாதது எது?

என் வாசிப்பைச் சொல்கிறேன். இது அவள் பிறந்த வீடு. எங்கே அப்படிச் சொல்லியிருக்கிறது? 'அத்தை' என்ற சொல் அப்பாவுடன் பிறந்தவள் என்று காட்டுகிறது. தாத்தா நட்ட மரம் அவள் அப்பா நட்ட மரம். அந்த வீட்டு அடுக்களையில் உப்பு எங்கே என்று அவளுக்கு இப்போது தெரியாது, அதை அம்மாவிடமும் கேட்காமல் குழந்தையிடம் கேட்கிறாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பது விருந்தாளியும் இல்லாத, வீட்டு மனுஷியும் இல்லாத ஒருத்தி செய்யும் காரியம். பெட்டி திறக்கப்படாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அல்லது திரும்பிப் போகவும் இடமில்லை, திறந்துவிட்டால் அது ஊருக்கே தெரிந்துவிடும். இரண்டில் எது என்று இந்தப் பத்தியை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அடுத்த பத்தியில் நான் தேடுவது ஒன்றைத்தான்: பேப்பரிலிருந்து தலை தூக்காத அந்த அப்பா, முருங்கைக்காய் விஷயத்தில் வாயைத் திறக்கிறாரா என்று.

உங்களுக்கு வேறு மாதிரி தோன்றியிருந்தால், எந்தச் சொல் அப்படித் தோன்ற வைத்தது என்று அதன் கீழே ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து மறுபடி படி 4-க்குப் போகலாம்.